ரேமா, கிராபிக்ஸ் கார்டா? கேமிங் கணினிக்கு அடுத்த செலவை எதில் செய்வது

ஐ5-10400எஃப் பிராசஸர், எச்410 மதர்போர்டு, ஒற்றை 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி), 1080பி மானிட்டர். 2020, 2021 வாக்கில் கேமிங்குக்கென்று அசெம்பிள் செய்த நிறைய வீட்டுக் கணினிகளைத் திறந்தால் இதுவோ, இதற்கு அக்கம்பக்கமான ஒன்றோதான் இருக்கும். வாங்கிய புதிதில் எல்லாம் ஓடியது. இப்போது புது கேம் ஒன்றை இறக்கினால் திணறுகிறது. ரேமைக் கூட்டுவதா, கார்டை மாற்றுவதா, இரண்டையும் சேர்த்துச் செய்வதா என்று வாசகர்கள் தொடர்ந்து கேட்கிறார்கள்.

கொஞ்ச காலம் முன்புவரை இதற்கு யோசிக்காமல் பதில் சொல்லலாம்: ரேம் மலிவு, முதலில் அதைப் போடு, கார்டை அப்புறம் பார்க்கலாம். 2025இன் பின்பாதியில் அந்தப் பதில் செல்லாமல் போயிற்று. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்புகள் மொத்தம் மொத்தமாகப் போகத் தொடங்க, கடையில் ரேம் விலை மளமளவென்று ஏறியது. அந்த ஆண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. சும்மா ஒன்று வாங்கிப் போட்டுப் பார்ப்போம் என்று சொல்லக்கூடிய பொருளாக ரேம் இனி இல்லை. அதனால் கேள்வியை முதலிலிருந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

என் நிலைப்பாட்டை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரேம் என்பது போதுமா, போதாதா என்ற கணக்கு. போதவில்லை என்றால் எவ்வளவு நல்ல கார்டு போட்டாலும் கேம் திக்கும். போதும் என்ற அளவைத் தாண்டிவிட்டால், அதற்கு மேல் போடும் ஜிபி, நொடிக்குத் திரையில் ஓடும் படங்களான ஃப்ரேம்களைக் கூட்டித் தராது. கார்டு அப்படியில்லை. மற்ற பாகங்கள் ஈடுகொடுக்கும்வரை, கூடக் கூடப் பலன் கூடும். ஆகவே ரேமில் போதுமென்ற கோட்டைத் தொட எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும், மிச்சம் முழுவதும் கார்டில்.

## எதை வைத்து முடிவெடுப்பது

தொந்தரவு என்ன? கேம் முழுக்க ஒரே சீராக மெதுவாக ஓடுகிறதா, அல்லது நன்றாக ஓடிக்கொண்டே நடுநடுவே அரை நொடி நின்று நின்று போகிறதா? இரண்டும் வேறு வேறு கோளாறு.

முழுச் செலவு எவ்வளவு? கார்டின் விலை மட்டும் செலவு ஆகாது. அதற்காக மாற்ற வேண்டிய எஸ்எம்பிஎஸ், 18 சதவீத ஜிஎஸ்டி, கரண்ட் பில் எல்லாம் சேர்த்துத்தான்.

மற்ற பாகங்கள் தாங்குமா? பிராசஸர், மதர்போர்டு, மானிட்டர், கேபினெட்.

அடுத்த கணினிக்கு உடன் வருமா? இதைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை. இன்று வாங்கும் டிடிஆர்4 ரேம், நாளை டிடிஆர்5 போர்டு வாங்கினால் ஸ்லாட்டில் நுழையவே நுழையாது. கார்டைக் கழற்றிப் புதுக் கணினியில் செருகிக்கொள்ளலாம்.

ரூபாய் எண்களை இதில் வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். இப்போதிருக்கும் சந்தையில் இன்று எழுதும் விலை அடுத்த மாதமே பொய்யாகிவிடும்.

## வாங்குவதற்கு முன் ஒரு சோதனை

உங்களுக்குத் தொந்தரவு தரும் கேமைத் திறந்து, திணறும் இடம் வரை போய் கொஞ்ச நேரம் ஆடுங்கள். பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம்.

முதலில் மெமரி. அங்கே ‘கமிட்டட்’ என்ற இடத்தில் 11.2/14.9 என்பதுபோல இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் உங்களிடம் இருக்கும் ரேமைவிட நன்றாகவே பெரிதாக இருந்தால் ரேம் போதவில்லை என்பதற்கு அது வலுவான அடையாளம். அதே பக்கத்தில் எத்தனை ஸ்லாட்டில் ரேம் இருக்கிறது, என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதும் தெரியும்.

அடுத்து ஜிபியு, அதாவது கார்டில் உள்ள கிராபிக்ஸ் சிப். பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் கார்டு முழு மூச்சில் வேலை செய்கிறது, அதற்கு மேல் அதனால் முடியாது என்று பொருள். அதன் கீழே ‘டெடிகேட்டட்’, ‘ஷேர்டு’ என்று இரண்டு மெமரி அளவுகள் இருக்கும். டெடிகேட்டட் நிரம்பி, ஷேர்டு ஏறிக்கொண்டே போனால் கார்டின் சொந்த மெமரியான வி-ரேம் வழிகிறது.

கடைசியாக, கேமின் ரெசல்யூஷனை 1080பியிலிருந்து 720பிக்கு இறக்குங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு ஓடும் ஃப்ரேம் எண்ணிக்கை) சட்டென்று எகிறினால் கார்டுதான் இடைஞ்சல். கிட்டத்தட்ட அப்படியே இருந்தால் பிராசஸரோ ரேமோதான் பிடித்து இழுக்கிறது. புது கார்டு வாங்கினாலும் பெரிதாக எதுவும் மாறாது.

இதோடு கேம் எந்த டிரைவில் இருக்கிறது என்றும் பாருங்கள். இன்னும் ஹார்ட் டிஸ்கில் இருந்தால், முதல் செலவு ஒரு எஸ்எஸ்டி. மேற்கொண்டு படிப்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

## ரேமும் கார்டும் சந்திக்கும் இடம்

இரண்டும் தனித்தனிச் சமாசாரம் என்று நினைத்துத்தான் பலர் தவறான பொருளை வாங்குகிறார்கள். உள்ளே நடப்பது இதுதான்.

ஜிடிஎக்ஸ் 1650 கார்டின் பழைய ஜிடிடிஆர்5 மாடலில் 4 ஜிபி வி-ரேம் இருக்கிறது. அதற்கும் ஜிபியுவுக்கும் இடையே நொடிக்கு 128 ஜிபி வேகத்தில் தரவு போய்வருகிறது. கேமின் டெக்ஸ்சர்கள் 4 ஜிபியைத் தாண்டினால் விண்டோஸ் மிச்சத்தைக் கணினியின் ரேமில் வைக்கிறது. அந்த ஷேர்டு மெமரி அதுதான். ரேமில் பாதி வரை இதற்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது விண்டோஸின் கணக்கு. ஆனால் அங்கிருந்து கார்டுக்கு வரும் வழி பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட். எச்410 போர்டில் அது 3.0 பதிப்பு, தரவு போகும் தடங்களான லேன்கள் 16ம் முழுதாக இருந்தாலே நொடிக்கு ஏறக்குறைய 16 ஜிபிதான். எட்டில் ஒரு பங்கு வேகம்.

இருக்கும் 8 ஜிபி ரேமில் விண்டோஸும் டிஸ்கார்டும் பிரவுசரும் கேமும் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். அங்கேயும் இடமில்லை என்றால் விண்டோஸ் டிரைவில் ரேமுக்கு மாற்றாக வைத்திருக்கும் பேஜ் ஃபைல் பக்கம் தள்ளுகிறது. சாட்டா எஸ்எஸ்டி என்றால் நொடிக்கு சுமார் அரை ஜிபி. 128இல் இருந்து 16, 16இல் இருந்து 0.5. நீங்கள் ஒரு கதவைத் திறந்து புது இடத்துக்குள் நுழையும் நேரத்தில் திரை அப்படியே உறைந்து நின்று, பிறகு ஓடுவது இதனால்தான்.

இதில் இரண்டு விஷயம் புரியும். வி-ரேம் போதாத கார்டுக்கு ரேமைக் கூட்டினால், டிரைவ் வரை போகும் மோசமான உறைதல் நிற்கும். ஆனால் நொடிக்கு 16 ஜிபி என்ற அந்தக் குறுகலான ஸ்லாட் வழி அப்படியேதான் இருக்கும். டாஸ்க் மேனேஜர் ‘ஜிபியு மெமரி 8 ஜிபி’ என்று இரண்டையும் கூட்டிக் காட்டுவதை நம்பி, ரேம் போட்டால் வி-ரேம் கூடிவிடும் என்று எண்ண வேண்டாம்.

## வழி 1: ரேம் மட்டும்

யாருக்குச் சரி: இன்னும் ஒற்றை 8 ஜிபியோடு இருப்பவர்கள், நின்று நின்று ஓடுவதுதான் குறை என்பவர்கள்.

8இலிருந்து 16க்குப் போவதில் இரட்டைப் பலன். அளவு கூடுகிறது, ஒற்றை ஸ்டிக் இருந்த இடத்தில் இரண்டு வருவதால், இரண்டு வழிகளில் ஒரே நேரத்தில் தரவு போய்வரும் டூயல் சேனலும் கிடைக்கிறது. டிடிஆர்4-2666 ஒரு சேனலில் நொடிக்கு 21.3 ஜிபி தரும், இரண்டில் 42.6. பிராசஸரை நம்பி ஓடும் கேம்களில் இது சராசரி எஃப்பிஎஸ்ஸைவிட, விழும் இடங்களில் அதிகம் உதவும். அந்த விழும் இடங்கள்தான் ஆடும்போது கண்ணில் உறுத்துபவை.

தனி கார்டே இல்லாமல் ரைசன் 5600ஜி போன்ற பிராசஸரின் உள் கிராபிக்ஸில் ஆடுகிறவர்களுக்கு இந்தப் பகுதி இன்னும் முக்கியம். அவர்களுக்கு ரேம்தான் வி-ரேம். ஒற்றை ஸ்டிக்கை இரண்டாக்கினாலே எஃப்பிஎஸ் மூன்றில் ஒரு பங்கு கூடுவது சாதாரணம்.

மறைந்திருக்கும் செலவு இதிலும் உண்டு. 3200, 3600 என்று வேகம் அச்சிட்ட ஸ்டிக்கைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கினாலும் ஐ5-10400எஃப், எச்410 ஜோடி அதை 2666இல்தான் ஓட்டும். உங்கள் போர்டின் வரம்பு தெரியாமல் வேகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். இதைத் திருப்பிப் பார்த்தால் லாபம்: யாரோ கழற்றி விற்கும் பழைய 2666 ஸ்டிக்கே உங்களுக்குப் போதும். பழைய பொருளில் நான் தயங்காமல் வாங்கச் சொல்வது ரேம்தான். தேய்கிற பாகம் எதுவும் அதில் இல்லை. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் ஒரு முறை முழுக்க ஓடி முடித்துப் பிழை காட்டவில்லை என்றால் நம்பலாம்.

வேறு வேறு கம்பெனி ஸ்டிக்குகளைச் சேர்த்துப் போட்டால் பெரும்பாலும் ஓடும், எது மெதுவோ அதன் வேகத்துக்கு. சில நேரம் பூட்டே ஆகாது. அதனால் திருப்பித் தர ஒத்துக்கொள்ளும் இடத்தில் வாங்குங்கள்.

32 ஜிபி? கேம் மட்டும் ஆடுகிறவருக்கு, இப்போதைய விலையில், வேண்டாம். வீடியோ எடிட்டிங் செய்பவர், நிறைய மாட் (ரசிகர்கள் செய்யும் கூடுதல் சேர்க்கை) போட்டு சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் போன்ற கேம் ஆடுபவர் விதிவிலக்கு.

## வழி 2: கார்டு மட்டும்

யாருக்குச் சரி: ஏற்கெனவே 16 ஜிபி டூயல் சேனலில் இருப்பவர்கள், ஜிபியு பயன்பாடு நூறைத் தொட்டு நிற்பவர்கள்.

சில கேம்களுக்கு இது ஒன்றுதான் வழி. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும் 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ஒளியின் பாதையைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் வசதியுள்ள கார்டையே கேட்கின்றன, ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர்தான் குறைந்தபட்சம். ஜிடிஎக்ஸ் 1650 வைத்துக்கொண்டு எத்தனை ஜிபி ரேம் போட்டாலும் பயனில்லை. இரண்டுமே 16 ஜிபி ரேமையும் குறைந்தபட்சமாகக் கேட்கின்றன என்பதையும் கவனியுங்கள்.

எந்தக் கார்டு என்பதை எஸ்எம்பிஎஸ்ஸில் இருந்து தொடங்குங்கள். மதர்போர்டு ஸ்லாட் 75 வாட் வரை தரும். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி பவர் கேபிள். பல ஜிடிஎக்ஸ் 1650 கார்டுகள் அந்தக் கேபிள் இல்லாமலே ஓடுபவை என்பதால், கடைக்காரர் அன்று கொடுத்த 450 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 8 பின் பிசிஐஇ கனெக்டரே இருக்காமல் போகலாம். கேபினெட்டின் பக்கவாட்டைத் திறந்து முதலில் அதைப் பாருங்கள். மோலெக்ஸ் என்ற பழைய வகை கனெக்டரில் இருந்து மாற்றிக் கொடுக்கும் மலிவு அடாப்டரைப் போட்டு ஒப்பேற்றினால் வயர் உருகும் அபாயம் உண்டு. அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி வெறும் 70 வாட், கேபிள் வேண்டாம். அலுவலகத்தில் ஓடி ரீஃபர்பிஷ் ஆகி வந்த கணினி வைத்திருப்பவர்களுக்கு, எஸ்எம்பிஎஸ் 200, 300 வாட்டோடு நிற்கும் இடத்தில், நடைமுறையில் இதுதான் தேர்வு. ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி 132 வாட். நல்ல 450 வாட் போதும் என்று ஏஎம்டியே சொல்கிறது. ஆர்டிஎக்ஸ் 4060 115 வாட், 5060 145 வாட், 3060 12 ஜிபி 170 வாட். இவற்றுக்கு என்விடியா சொல்வது 550 வாட்.

பழைய போர்டுக்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 6600, 4060, 5060 மூன்றும் எட்டு லேனில்தான் ஓடுகின்றன. 3.0 ஸ்லாட்டில் அது நொடிக்கு 8 ஜிபி. வி-ரேம் வழியாதவரை பெரிய நஷ்டமில்லை. வழிந்தால் அடி பலமாக விழும். 3060க்கு 16 லேன் உண்டு, 12 ஜிபியும் உண்டு. நல்ல நிலையில் பழையது கிடைத்தால் இந்தப் போர்டுக்கு என் முதல் விருப்பம் அதுதான். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கே லேன், 4 ஜிபி. எச்410இல் அதைப் போடவே வேண்டாம். இன்டெலின் பி580 12 ஜிபியோடு ஆசை காட்டும், ஆனால் கார்டின் முழு வி-ரேமையும் பிராசஸர் ஒரே நேரத்தில் அணுக விடும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத போர்டில் தடுமாறும், பழைய பிராசஸரோடு சேர்ந்தால் வேகம் குறைகிறது. புதிய ரைசனோடு அது நல்ல கார்டு, இந்தக் கணினிக்கு இல்லை.

செகண்ட்ஹேண்ட் பக்கம் போகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்கான கேம் ரெடி டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. 1060, 1070 இனி எவ்வளவு மலிவானாலும் எதிர்காலமில்லை. இன்னொன்று, ஆர்எக்ஸ் 580 என்று ஆன்லைனில் மலிவாக வரும் பலவற்றின் பெயருக்குப் பின்னால் 2048எஸ்பி என்று சின்னதாக இருக்கும். அது உண்மையில் ஆர்எக்ஸ் 570இன் சிப். விற்பவர் முன்னாலேயே, கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். கார்டின் உள் மென்பொருளான பயாஸை மாற்றிப் போலியாக்கிய பல கார்டுகளை அதிலேயே ‘ஃபேக்’ என்று காட்டிவிடும்.

கரண்ட் பில்லையும் சொல்லிவிடுகிறேன். இப்போதைய கார்டைவிட 100 வாட் அதிகம் இழுப்பதை நாளுக்கு 4 மணி நேரம் ஓட்டினால், தமிழ்நாட்டின் இரண்டு மாதக் கணக்கில் 24 யூனிட் கூடும். தனியாகப் பார்த்தால் சின்னத் தொகை. 500 யூனிட் கோட்டை ஒட்டியே ஓடும் வீடு என்றால், அதைத் தாண்டும்போது கட்டண விகிதமே மாறுவதால் உறைக்கும்.

மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் 60க்கு மேல் கூடும் ஃப்ரேம்களை அது காட்டப்போவதில்லை. வேலரண்ட், சிஎஸ்2 மட்டும் ஆடுபவருக்கு 1650 கார்டே கிராபிக்ஸைக் குறைத்து வைத்தால் அதைத் தாண்டும். அவருக்குக் கார்டைவிட 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் அதிகம் பயன்படும்.

## வழி 3: இரண்டும், அளவோடு

தொடக்கத்தில் சொன்ன கணினிக்கு நான் சொல்லும் வழி இதுதான். இன்னொரு 8 ஜிபி ஸ்டிக், முடிந்தால் பழையது. மிச்சப் பணத்தில் 8 ஜிபிக்குக் குறையாத கார்டு. ஒரே மாதத்தில் இரண்டும் முடியாதென்றால் ரேம் முதலில், ஏனென்றால் 8 ஜிபி ரேமோடு புது கார்டின் முழுப் பலன் கிடைக்காது. பணமும் அதற்குக் குறைவாகத்தான் தேவை.

இதில் விழும் குழி ஒன்றுண்டு. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் ஏற்றுவோம் என்று 32 ஜிபி ரேம், ஆர்ஜிபி ஃபேன், கேபினெட் எல்லாம் பட்டியலில் சேர்ந்து, கடைசியில் கார்டுக்கு மிஞ்சும் பணத்தில் இருக்கும் கார்டுக்கு அரைப் படி மேலே உள்ள ஒன்றுதான் கிடைக்கும். 1650இலிருந்து 3050 6 ஜிபிக்குப் போவது எனக்கு அப்படித்தான் படுகிறது. எஸ்எம்பிஎஸ் கட்டாயப்படுத்தினாலொழிய, இன்னும் இரண்டு மாதம் சேர்த்து ஒரு படி மேலே வாங்குங்கள்.

## வழி 4: இப்போதைக்கு எதுவும் வேண்டாம்

நான்காம் தலைமுறை ஐ5, டிடிஆர்3 ரேம் என்று இருக்கும் கணினியில் ரேமுக்குச் செலவழிக்காதீர்கள். விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அந்தப் பிராசஸர்களை ஏற்பதில்லை. கார்டு மட்டும் வாங்கலாம், அடுத்த கணினிக்குக் கொண்டுபோகும் எண்ணம் இருந்தால்.

லேப்டாப்காரர்களுக்குத் தேர்வே கிடையாது. கார்டை மாற்ற முடியாது. ரேம் ஸ்லாட் இருந்தால் ரேம், போர்டோடு சால்டர் செய்திருந்தால் அதுவும் இல்லை. வாங்கப்போகும் முன் மாடல் எண்ணைப் போட்டுத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

## ஒரே பார்வையில்

| | ரேம் மட்டும் | கார்டு மட்டும் | இரண்டும் |
|---|---|---|---|
| எதைத் தீர்க்கும் | உறைதல், நின்று ஓடுதல் | சீராக மெதுவாக ஓடுதல், வி-ரேம் போதாமை | இரண்டையும் |
| மறை செலவு | போர்டு வேக வரம்பு, ஜோடி சேராமை | எஸ்எம்பிஎஸ், பிராசஸர், மானிட்டர், கரண்ட் | கார்டுக்கு உள்ளதே |
| அடுத்த கணினிக்கு | டிடிஆர்4 என்றால் டிடிஆர்5 போர்டுக்கு வராது | வரும் | கார்டு வரும் |
| யாருக்கு | ஒற்றை 8 ஜிபி, உள் கிராபிக்ஸ், லேப்டாப் | 16 ஜிபி ஏற்கெனவே உள்ளவர் | 8 ஜிபி ரேம், 4 ஜிபி கார்டு உள்ளவர் |

## கடையிலும் வீட்டிலும்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் ஜிஎஸ்டி பில்லோடு வாங்குங்கள். பில் வேண்டாம் என்றால் விலையைக் குறைக்கிறேன் என்பார்கள். கார்டு மூன்றாம் மாதம் படுத்தால் அந்தப் பில் இல்லாமல் வாரண்டிக்குப் போய் நிற்க முடியாது. பழைய கார்டு என்றால் வரிசை எண்ணை வைத்து வாரண்டி தரும் நிறுவனமா என்று கேளுங்கள், கார்டை முழு வேலை வாங்கும் ஃபர்மார்க் மென்பொருளைக் கால் மணி நேரம் ஓடவிட்டு வெப்பத்தையும் திரையில் புள்ளி, கோடு வருகிறதா என்பதையும் பாருங்கள்.

பழைய கார்டை விற்றுவிட்டுப் புதியதற்குக் காத்திருக்க நினைப்பவர்கள் பிராசஸர் பெயரின் கடைசியில் எஃப் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால் அதில் உள் கிராபிக்ஸ் கிடையாது, இடைப்பட்ட நாட்களில் திரையில் எதுவும் வராது.

மாட்டும்போது: பழைய டிரைவரை டிடியு என்ற நீக்கும் மென்பொருள் கொண்டு சுத்தமாக நீக்கிவிட்டுப் புதியதைப் போடுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேமைப் பெரும்பாலும் பிராசஸரிலிருந்து இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் செருக வேண்டும். போர்டின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ரேமை அதில் அச்சிட்ட வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி வசதி இருந்தால் போர்டின் பயாஸில் போய் அதை இயக்குங்கள், இல்லையேல் பணம் கொடுத்த வேகம் வராது. எச்டிஎம்ஐ கேபிளை மதர்போர்டில் அல்ல, கார்டில் செருகுங்கள். உள் கிராபிக்ஸ் உள்ள கணினியில் தவறான இடத்தில் செருகினாலும் படம் வந்துவிடும் என்பதால், இதைக் கவனிக்காமல் புது கார்டு வேஸ்ட் என்று முடிவு செய்து திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் அந்த எண்ணைத் தேர்வு செய்த பிறகு, முதலில் சோதித்த அதே கேமில் அதே இடத்துக்குப் போய் அதே எண்களை மறுபடி பாருங்கள். எதிர்பார்த்தது நடக்கவில்லை என்றால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் தெரிந்துவிடும்.